சமையல் குறிப்பின் அடியில் குழந்தைக்காக ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டில் உங்கள் நாளிதழின் சமையல் பக்கத்தை முதலில் பிரிக்கிறவன் நான். வாழ்நாளெல்லாம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, ஊசியில் நூல் கோக்கக் கண் ஒத்துழைக்காமல் போனபின் கடையை மூடி அடுப்படிக்கு வந்து சேர்ந்தவன். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறார்கள். பேத்திக்கு இப்போது பத்து மாதம். மதியச் சமையலும் அவளுடைய சாப்பாடும் என் பொறுப்பு.

அந்தப் பக்கத்தைப் பற்றி ஒரு கோரிக்கை வைக்கத்தான் இந்தக் கடிதம். பெரியவர்களுக்கான குறிப்புகள் வாராவாரம் வருகின்றன. குழந்தை உணவு என்றால் எப்போதாவது, தனியாக, ஏதாவது ஒரு கூழாகவோ மசியலாகவோ வருகிறது. இரண்டையும் ஒரே அடுப்பில், ஒரே நேரத்தில், ஒரே ஆள்தான் சமைக்க வேண்டியிருக்கிறது என்பது குறிப்பு எழுதுகிறவர்களுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. எனக்குப் புதிதாகக் குழந்தை உணவுக் குறிப்பு எதுவும் வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே போடுகிற ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். வீட்டில் ஆறு மாதம் கடந்த குழந்தை இருந்தால் அதன் பங்கை எந்தக் கட்டத்தில் எடுத்து வைப்பது, எப்படி நறுக்குவது, எதைத் தவிர்ப்பது என்று சொல்லும் வரி.

ஏன் கேட்கிறேன் என்றால், என் பேத்தி தானே எடுத்துத்தான் சாப்பிடுகிறாள். அவள் உட்காரப் பழகிய நாட்களில் மகள் சொன்னாள்: "அப்பா, நீங்க ஊட்ட வேண்டாம். அவ முன்னாடி வெச்சிடுங்க. நீங்களும் எதிர்ல உட்கார்ந்து சாப்பிடுங்க." அன்றிலிருந்து நாங்கள் தின்பதைத்தான் அவளும் தின்கிறாள். ஆனால் எங்கள் தட்டில் இருக்கும் வடிவத்தில் அல்ல. அந்த வித்தியாசத்தைத்தான் சமையல் பக்கம் சொல்லித் தர வேண்டும்.

முதலில் பாத்திரத்திலிருந்து எடுக்கும் நேரம். உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் போட்டு ஒரு குழம்பு வைக்கிறோம் என்று வையுங்கள். காய் வெந்து, உப்பும் காரமும் விழுவதற்கு முன் நாலைந்து துண்டுகளை எடுத்துவிட்டால் குழந்தையின் சாப்பாடு முடிந்தது. பிரிட்டனின் பொது சுகாதாரச் சேவை, ஒரு வயது வரை நாளொன்றுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான உப்புதான் போகலாம் என்கிறது. டீஸ்பூனில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. குழம்பில் உப்பு விழுந்தபின் காயை எடுத்துக் கழுவிக் கொடுக்கும் வீடுகள் உண்டு. உள்ளே இறங்கிய உப்பு கழுவினால் போகாது. வாசனைப் பொருட்களை யாரும் விலக்கச் சொல்லவில்லை. சீரகம், மிளகுத்தூள், பூண்டு எல்லாம் கொஞ்சமாகச் சேரலாம். மிளகாயும் உப்பும் சர்க்கரையும்தான் பின்னால் வர வேண்டியவை. தேன் மட்டும் ஒரு வயது முடியும் வரை எந்த வடிவத்திலும் கூடாது, வேகவைத்த பண்டத்தில்கூட. அதில் இருக்கக்கூடிய பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் வீட்டு அடுப்புச் சூட்டில் சாவதில்லை. குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கிவிடும்.

அடுத்தது அளவு. இதில்தான் என் தொழில் புத்தி வேலை செய்கிறது. ஆறு மாதக் குழந்தை எதையும் உள்ளங்கையால் வளைத்துத்தான் பிடிக்கும். பிடித்த பிறகு கையைத் திறந்து உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்ளத் தெரியாது. ஆகவே முஷ்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிதான் அதன் சாப்பாடு. முஷ்டிக்குள் போவது தையலுக்காக விடும் துணி மாதிரி. கணக்கில் சேர்க்க வேண்டும், ஆனால் உடுத்த வராது. பெரியவர்களின் ஒரு விரல் நீளம், விரல் தடிமன் இருந்தால் சரியாக இருக்கிறது. என் அளவுநாடாவில் இரண்டரை அங்குலத்துக்குக் குறையாமல், அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே அகலம். பொடிப் பொடியாக நறுக்கினால்தான் குழந்தைக்குப் பாதுகாப்பு என்று பெரியவர்கள் நினைக்கிறோம். அந்த வயதுக் குழந்தைக்குப் பொடியை எடுக்கவே வராது. தட்டைத் தடவிவிட்டுக் கோபப்படும்.

ஒன்பதாம் மாதம் வாக்கில் கை மாறுகிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளி எடுக்கத் தொடங்கும். அப்போது பட்டாணி அளவுக்கு நறுக்கிப் போடலாம். பேத்தி ஒரு சோற்றுப் பருக்கையைக் கிள்ளி எடுக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறாள் என்று பார்க்க வேண்டும். பழைய தையல்காரனான எனக்கே பொறுமை போதாது.

மூன்றாவது மென்மை. சமையல் பக்கத்தில் "பதமாக வேகவைக்கவும்" என்று எழுதுகிறீர்கள். யாருடைய பதம்? குழந்தைக்கு ஒரே சோதனைதான். துண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாக அழுத்தினால் நசுங்க வேண்டும். பல் இல்லாவிட்டாலும் ஈறுகள் அந்த வேலையைச் செய்துவிடும். கேரட்டும் ஆப்பிளும் பச்சையாக இருந்தால் இந்தச் சோதனையில் தேறாது, ஆவியில் வேகவைத்தால் தேறும். வழுக்குகிற பழங்களில் இன்னொரு சிக்கல்: பிடித்தவுடன் நழுவும். வாழைப்பழத்தை நன்றாகக் கழுவி, பாதித் தோலை மட்டும் உரித்துக் கொடுத்தால் மீதித் தோல் கைப்பிடி ஆகிவிடும். புது ரொட்டி வாயில் பசையாகி மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். லேசாக வாட்டி நீளவாக்கில் வெட்டினால் தொல்லையில்லை. முட்டையை அடித்து ஆம்லெட்டாக ஊற்றி, பட்டையாக நறுக்கினால் அதைவிடச் சுலபமான சாப்பாடு கிடையாது. பருப்பைக் கெட்டியாக வேகவைத்து, மசித்த கிழங்கோடு சேர்த்து நீளமாகப் பிடித்து, கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திருப்பினால் கையில் நிற்கும். சோற்றைக் குழைய வடித்துச் சின்ன உருண்டையாகப் பிடித்தாலும் நிற்கும்.

இனி, எல்லா வீட்டிலும் எழும் அந்தப் பயம். என் மனைவி முதல் வாரம் முழுக்கத் தட்டின் பக்கத்திலேயே நின்றாள். "என்னங்க, தொண்டையில சிக்கிடுமே, மிக்ஸியில ஒரு சுத்து சுத்திக் குடுத்தா என்ன?" என்பாள். அவள் பயம் அர்த்தமற்றதல்ல. ஆனால் இரண்டு விஷயங்களை ஒன்றாக நினைக்கிறோம். ஓங்கரிப்பது வேறு, மூச்சடைப்பது வேறு. கைக்குழந்தைகளுக்கு ஓங்கரிக்கும் உணர்வு நாக்கின் முன்பக்கமாகவே தூண்டப்படும். வளர வளரத்தான் பின்னால் போகும். அதனால் கொஞ்சம் பெரிய துண்டு போனாலே முகம் சிவந்து, இருமி, "உவ்வே" என்று வெளியே தள்ளும். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அது குழந்தை தன்னைத் தானே காத்துக்கொள்வது. சத்தம் இருக்கும்வரை நாம் கையை விட்டு உள்ளே துழாவாமல் இருக்க வேண்டும். மூச்சடைப்பில் சத்தமே இருக்காது. அழவும் முடியாது, இருமவும் முடியாது, உதடு நீலம் பாரிக்கும். அப்போது விநாடிகூடத் தாமதிக்கக் கூடாது.

ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையாக இருந்தால், முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தலை உடம்பைவிடத் தாழ்ந்திருக்கும்படி பிடித்து, இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு. போகவில்லையென்றால் திருப்பி, மார்பின் நடுவில் 5 அழுத்தல். வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். இன்னொருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத துண்டைத் தேடி விரலை விட்டால் அது இன்னும் உள்ளே போய்விடும். பெரியவர்களுக்குச் செய்வதுபோல் வயிற்றை அழுத்துவது இந்த வயதில் கூடவே கூடாது. எழுத்தில் படித்தது அவசரத்தில் கைக்கு வராது என்பதால் எங்கள் வீட்டில் எல்லோரும் முதலுதவி வகுப்புக்குப் போனோம். இதைப் படத்தோடு ஒருமுறை நீங்கள் வெளியிட்டால் பலர் வெட்டி ஒட்டிவைத்துக்கொள்வார்கள்.

தானே சாப்பிடும் குழந்தைக்குத்தான் அதிகம் அடைக்கும் என்பது உண்மையா என்று ஆராய்ந்திருக்கிறார்கள். நியூசிலாந்தில் 206 குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவின் பெற்றோருக்கு மட்டும் குழந்தை தானே எடுத்துச் சாப்பிடும் முறையையும் எது ஆபத்து என்பதையும் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். 2016-இல் வெளிவந்த முடிவில் மூச்சடைப்பில் இரண்டு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. என்னை யோசிக்க வைத்தது அதே ஆய்வின் இன்னொரு செய்தி. இரண்டு குழுவிலுமே நிறையப் பெற்றோர்கள், அடைக்கக்கூடிய உணவைக் குழந்தைக்குக் கொடுத்திருந்தார்கள். ஆக, ஸ்பூனா கையா என்பதைவிடப் பண்டத்தின் வடிவமும் கெட்டித்தன்மையும்தான் முக்கியம். முழுத் திராட்சை, முழுக் கொட்டைகள், பாப்கார்ன், வட்ட வட்டமாக வெட்டிய சாசேஜ், கெட்டி மிட்டாய், பச்சைக் கேரட் இவையெல்லாம் ஊட்டினாலும் ஆபத்து, தானே எடுத்துத் தின்றாலும் ஆபத்து. திராட்சையை நீளவாக்கில் நான்காகக் கீறினால் அந்த உருண்டை வடிவம் போய்விடுகிறது. குறுக்கே வெட்டினால் போகாது. இவ்வளவு சின்ன விஷயம் ஒரு பழக்கலவைக் குறிப்பின் அடியில் வந்திருக்கிறதா என்று பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்தேன். கண்ணில் படவில்லை.

"சரி, எவ்வளவு உள்ளே போகிறது?" இது அடுத்த கவலை. பாதி தரையில், கால்வாசி தலைமுடியில். கழுத்தோடு கட்டும் சின்னத் துணி உதவாது என்று கண்டுகொண்டு, பழைய மழைக்கோட்டுத் துணியில் முழுக்கை வைத்து, மணிக்கட்டில் எலாஸ்டிக், அடியில் மடித்த பை என்று ஒன்று தைத்துக் கொடுத்தேன். பையில் விழுவதை அவளே அப்புறம் எடுத்துத் தின்கிறாள். (தையல் தெரிந்தவர்கள் கவனிக்க: பையின் ஓரத்துக்குள் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டையை வையுங்கள், வாய் திறந்தே நிற்கும்.)

அளவைப் பற்றி நான் கவலைப்படுவதை விட்டது அமெரிக்க மருத்துவர் கிளாரா டேவிஸ் செய்த ஒரு பழைய சோதனையைப் படித்தபின். 1920-களின் கடைசியிலும் 1930-களிலும், அப்போதுதான் திட உணவுக்கு வந்த 15 குழந்தைகளுக்கு முன்னால் பலவகை உணவுகளைத் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்தார். பட்டியலில் மொத்தம் 34 உணவுகள். தாதி ஸ்பூனோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். குழந்தை கை நீட்டினால் ஒழிய எதையும் கொடுக்கக் கூடாது, வற்புறுத்தவும் கூடாது. குழந்தைகள் தின்றதைப் பார்த்தால் எந்தப் பாட்டிக்கும் மயக்கம் வரும். காலையில் ஆரஞ்சுச் சாறும் ஈரலும், இரவில் பல முட்டைகளும் வாழைப்பழமும் பாலும் என்று இஷ்டம் போல. ஒரு குழந்தைக்கும் இன்னொன்றுக்கும் ஒற்றுமையே இல்லை. ஆனாலும் எல்லாமே நன்றாக வளர்ந்தன. எலும்பு வளைந்து வந்த ஒரு குழந்தை, தானாகவே மீனெண்ணெயைக் குடித்துக் குணமானதும் நிறுத்திக்கொண்டது. அப்படியொரு சோதனைக்கு இன்று அனுமதி கிடைக்காது, அது வேறு விஷயம். டேவிஸ் 1939-இல் இதை எழுதும்போது சூட்சுமம் உணவுப் பட்டியலில் இருக்கிறது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். சர்க்கரையோ, பதப்படுத்திய பண்டமோ பட்டியலில் கிடையாது. எதை வைப்பது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள், எவ்வளவு என்று குழந்தை முடிவு செய்தது. பிஸ்கட்டையும் மிட்டாயையும் முன்னால் வைத்துவிட்டு "குழந்தைக்கே தெரியும்" என்று விட்டுவிட முடியாது.

தட்டில் என்ன வைப்பது என்பதில் ஒரு கணக்கு மட்டும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச்சத்துச் சேமிப்பு ஆறு மாத வாக்கில் குறைந்துவிடுகிறது. 7 முதல் 12 மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 11 மில்லிகிராம் இரும்பு தேவை என்கிறது அமெரிக்கப் பரிந்துரை. வளர்ந்த ஆணுக்கு 8. என்னைவிட என் பேத்திக்கு அதிகம் வேண்டும்! வெறும் கேரட்டும் ஆப்பிளும் கையில் கொடுத்தால் படம் எடுக்க அழகாக இருக்கும், இரும்பு வராது. முட்டை, மீன், மென்மையாக வெந்த கோழி அல்லது ஆட்டிறைச்சி, பருப்பு, பயறு இவற்றில் ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்க வேண்டும். சைவ வீடுகளில் பருப்போடு தக்காளியோ ஆரஞ்சோ கூட வைத்தால், அதிலுள்ள வைட்டமின் சி இரும்பு உடம்பில் சேர உதவும். மருத்துவர் இரும்புச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருந்தால் அதை நிறுத்தக் கூடாது. தாய்ப்பாலும் அப்படியே. இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடரலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

வேர்க்கடலை பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வாமை வரும் என்று பயந்து மூன்று வயதுவரை தள்ளிப்போடச் சொன்ன காலம் இருந்தது. லண்டனில் ஒவ்வாமை அபாயம் அதிகமுள்ள 640 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு, 2015-இல் அதைத் தலைகீழாக்கியது. சிறுவயதிலேயே தொடங்கித் தவறாமல் வேர்க்கடலை தின்றவர்களுக்கு அந்த ஒவ்வாமை ஏறத்தாழ 80 சதவீதம் குறைவாக வந்தது. முழுக் கடலை ஆகாது. நைஸாக அரைத்து, தண்ணீர் விட்டு இளக்கி, வாட்டிய ரொட்டியில் மெல்லிசாகத் தடவலாம். கடுமையான தோல் அரிப்போ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான்.

"அப்படியானால் கடைசிவரை மசித்துக் கொடுப்பது தப்பா?" என்று உறவினர்கள் சண்டைக்கு வருகிறார்கள். மசியல் தப்பில்லை. அதிலேயே தங்கிவிடுவதுதான் சிக்கல். பிரிட்டனின் ஏவன் பகுதியில் 1990-களின் தொடக்கத்தில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்ததில், பத்து மாதத்துக்குப் பிறகுதான் கட்டியுள்ள உணவைப் பார்த்தவர்களுக்குச் சாப்பாட்டில் தகராறு அதிகம் என்று தெரிந்தது. எங்கள் வீட்டில் தயிரும் கஞ்சியும் ஸ்பூனில்தான் போகின்றன. ஸ்பூனை நிரப்பி அவள் கையில் கொடுத்துவிடுகிறேன், வாய்க்குக் கொண்டுபோவது அவள் வேலை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும், உட்காரவும் தலை நிற்கவும் தாமதமாகிற குழந்தைகளுக்கும் வேறு கணக்கு. அதை மருத்துவர் சொல்ல வேண்டும். மற்றவர்கள் காலண்டரைவிடக் குழந்தையைப் பார்ப்பது நல்லது. ஆறு மாதம் ஆகி, தலையை நேராக வைத்துக்கொண்டு அதிக ஆதரவில்லாமல் உட்கார்ந்து, பொருளைப் பார்த்துப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகிறதா என்பதே அடையாளம். சாய்ந்த நிலையிலோ, காரில் போகும்போதோ, ஓடி விளையாடும்போதோ கையில் உணவு கொடுப்பதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சாப்பிடும்போது பெரியவர் ஒருவர் எதிரில் உட்கார்ந்தே ஆக வேண்டும், செல்போன் இல்லாமல்.

வேலைக்குப் போகிற பெண்களுக்கு இதற்கெல்லாம் நேரமேது என்று கேட்பார்கள். தனிச் சமையலுக்குத்தான் நேரமில்லை. அதனால்தான் பொதுப் பாத்திரத்தைப் பற்றிப் பேசுகிறேன். (பெண்களுக்கு மட்டும்தானா நேரம் கேட்பது என்று என் மருமகன் இதைப் படித்துவிட்டுச் சொல்கிறார். நியாயம்தான்.)

நான் கேட்கும் வரி எப்படி இருக்கும் என்று மாதிரிக்கு எழுதிப் பார்த்தேன். மீன் வறுவலுக்கு: "மசாலா தடவுமுன் ஒரு துண்டை ஆவியில் வேகவைத்து, விரலால் உதிர்த்து முள் பார்த்து, குழந்தைக்குத் தனியே வைக்கவும்." பழக்கலவைக்கு: "சர்க்கரையும் தேனும் சேர்க்குமுன் எடுக்கவும், திராட்சையை நீளவாக்கில் நான்காகக் கீறவும், ஆப்பிளை வேகவைக்கவும்." கோழிக் குழம்புக்கு: "எலும்பில்லாத துண்டை உப்பு, காரம் போடுமுன் எடுத்து, நார் குழையும் வரை தனியே வேகவைத்து, நாருக்குக் குறுக்கே வெட்டி விரலளவு பட்டையாகத் தரவும்." கேக்குக்கு: "குழந்தைக்கு இதில் பங்கில்லை."

இடம் பற்றாது என்று உங்கள் பக்க வடிவமைப்பாளர் சொல்லக்கூடும். எல்லாக் குறிப்பின் கடைசியிலும் "அழகாக அலங்கரித்துச் சூடாகப் பரிமாறவும்" என்று ஒரு வரி வருகிறதே, அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைப் போடலாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற தையல்காரர் ஒருவர்